சமாதானக் குழு போடலாம், சரி, எந்த வேலைக்கு?

சபைக் கமிட்டியில் யாராவது எழுந்து "நாமும் சமாதானத்துக்காக ஏதாவது செய்யணும்" என்று சொன்னால் எதிர்ப்பே வராது. மலைப்பிரசங்கத்தை எதிர்த்து யார் ஓட்டுப் போடுவார்கள்? சிக்கல் அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது, அந்த "ஏதாவது" எது என்று. ஒருவர் சிறப்பு ஜெபம் என்பார், ஒருவர் கண்டன அறிக்கை என்பார், வாலிபர்களில் ஒருவர் தெருவில் இறங்குவோம் என்பார், பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, முதலில் பாடகர் குழுவில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் அந்த இரண்டு பேரைப் பேசவையுங்கள் என்று முணுமுணுப்பார். கடைசியில் ஐந்து பேர் கொண்ட குழு போடப்படும். அதில் மூன்று பேர் ஏற்கெனவே வேறு நான்கு குழுக்களில் இருப்பவர்களாக இருப்பார்கள்.

அந்த ஐந்து பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உலகத்தில் பல சபைகள் இதுவரை செய்து பார்த்த வழிகள் ஆறு ஏழு இருக்கின்றன, எல்லாமே நல்லவைதான், ஆனால் எல்லாவற்றையும் ஒரு சபை செய்ய முடியாது. நான் மனதில் வைத்திருப்பது சாதாரணமான ஒரு சபை: நூறு நூற்றைம்பது குடும்பம், இந்த வேலைக்கென்று சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லை, போதகருக்கு ஏற்கெனவே வேலை அதிகம். அப்படிப்பட்ட சபை எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்க எனக்கு இரண்டு கேள்விகள் போதும். ஆரம்ப உற்சாகம் போன பிறகு, மூன்றாவது வருஷம், இதை யார் சுமப்பார்கள்? அடி விழுந்தால் யார் மேல் விழும்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாத திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவைத்துவிடலாம்.

வாலிபர்களின் கண்ணை முதலில் இழுப்பது உடன்நிற்பது என்ற வழி. சண்டை நடக்கும் இடத்துக்கே போய், ஆயுதம் இல்லாமல், ஆபத்தில் இருப்பவர்களோடு கூட நடப்பது. போரில் சேருவதையே மறுக்கும் கிறிஸ்தவ சபைப் பிரிவு மென்னோனைட்டுகள். 1984-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் நடந்த அவர்களுடைய உலக மாநாட்டில் இறையியலாளர் ரான் சைடர் ஒரு பேச்சுப் பேசினார். போர்வீரர்கள் உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், சமாதானம் பேசுகிற நாம் அப்படித் தயாரா என்பதுதான் அதன் சாரம். அந்தக் கேள்வி பல பேருடைய தூக்கத்தைக் கெடுத்தது, அதிலிருந்து கிறிஸ்தவ சமாதானக் குழுக்கள் என்ற அமைப்பு பிறந்தது. பாலஸ்தீன நகரமான ஹெப்ரானில் 1995 முதல், கொலம்பியாவில் 2001 முதல் அவர்கள் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பாலஸ்தீனப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் கூட நடப்பது, சோதனைச் சாவடியில் நின்று நடப்பதை எழுதிவைப்பது, இப்படிப் பார்த்தால் சாதாரண வேலைகள்தான். 2022-இல் பெயரில் இருந்த "கிறிஸ்தவ" என்ற சொல்லை எடுத்துவிட்டு "சமுதாய" என்று வைத்துக்கொண்டார்கள். உலகத் திருச்சபைகள் மன்றமும் 2002-இல் பாலஸ்தீனத்துக்கும் இஸ்ரேலுக்கும் இதே மாதிரி ஒரு திட்டம் தொடங்கியது. தொண்டர்கள் சுமார் மூன்று மாதம் தங்கிவிட்டு ஊர் திரும்பிச் சாட்சி சொல்வார்கள்.

இதன் விலை என்ன என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 2005 நவம்பர் 26 அன்று பாக்தாதில் கிறிஸ்தவ சமாதானக் குழுக்களோடு போயிருந்த டாம் ஃபாக்ஸ், நார்மன் கெம்பர், ஜேம்ஸ் லோனி, ஹர்மீத் சிங் சூடன் ஆகிய நான்கு பேர் கடத்தப்பட்டார்கள். அடுத்த மார்ச்சில் டாம் ஃபாக்ஸின் உடல் கிடைத்தது. மற்ற மூவரையும் மார்ச் 23 அன்று ராணுவம்தான் மீட்டது, ஒரு குண்டும் சுடாமல். ராணுவமே வேண்டாம் என்றவர்களை ராணுவம் காப்பாற்றியது என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். கேலி செய்யாமல் இருக்க முடியாத நிலைமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மூவரும் பிறகு ஒன்றாக அமர்ந்து, கடத்தியவர்களை மன்னித்துவிட்டோம், அவர்களுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். கேலி செய்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ.

ஆனால் நம் சபைக்கு இது முதல் வேலை அல்ல. தைரியக் குறைச்சலால் சொல்லவில்லை. இந்த வழி வேலை செய்வதற்கு ஒரு காரணம் கூட நடப்பவரின் பாஸ்போர்ட். வெளிநாட்டுக்காரருக்கு ஏதாவது ஆனால் செய்தியாகும், தூதரகம் கேட்கும் என்ற பயம்தான் துப்பாக்கியைத் தாழ்த்துகிறது. பயமுறுத்த அந்த மாதிரி பாஸ்போர்ட் இல்லாதவர் போய் நின்றால் அதே பாதுகாப்பு கிடைக்காது. அந்த அமைப்புக்குள்ளேயே இதைப் பற்றி நிறைய வாக்குவாதம் நடந்திருக்கிறது. அதற்கு மேல், ஒரு மாதப் பயிற்சி, பயணச் செலவு, திரும்பி வந்தவர் இரவில் தூங்க முடியாமல் தவிக்கும்போது பார்த்துக்கொள்ள ஆள். இவ்வளவையும் ஒரு சபை தனியாகத் தாங்காது. யாராவது ஒருவருக்கு நிஜமாகவே அழைப்பு இருந்தால், ஏற்கெனவே இருக்கும் அமைப்பின் வழியாக அவரை அனுப்பி, போகும்போதும் வந்த பிறகும் தாங்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

இனி எதிர்ப்பக்கம், எல்லாரும் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கும் வழி: ஜெபமும் அறிக்கையும். அறிக்கையைப் பற்றி எனக்கும் இளக்காரம்தான். சனிக்கிழமை ராத்திரி எழுதி, ஞாயிற்றுக்கிழமை வாசித்து, திங்கட்கிழமை கோப்பில் போட்டுவிடுவோம். யார் கேட்க வேண்டுமோ அவர் அந்தக் கூடத்திலேயே இருக்கமாட்டார். சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்வதைப் பற்றி எரேமியா சொன்னது இந்த மாதிரி அறிக்கைகளுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஜெபத்தை மட்டும் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை, லைப்சிக் குறுக்கே வருகிறது. கிழக்கு ஜெர்மனியில், லைப்சிக் நகரத்து நிக்கோலாய் தேவாலயத்தில், 1982 செப்டம்பரிலிருந்து திங்கட்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குச் சமாதான ஜெபம். சில வாரம் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள். போதகர் கிறிஸ்டியான் ஃபியூரர் வாசலை மட்டும் பூட்டவில்லை. "எல்லாருக்கும் திறந்திருக்கிறது" என்று பலகை வைத்தார், நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர், நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பம் போட்டு வேலை இழந்தவர், யார் வேண்டுமானாலும் வரலாம். ஏழு வருஷம் இப்படிப் போனது. 1989 அக்டோபர் 9 அன்று ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி தன் ஆட்கள் நூற்றுக்கணக்கானவர்களை முன்கூட்டியே அனுப்பி பெஞ்சுகளை நிரப்பிவைத்தது. அவர்களும் உட்கார்ந்து மலைப்பிரசங்கத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது தெருவில் சுமார் 70,000 பேர், கையில் மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி பிடிக்க இரண்டு கையும் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று காற்றில் அணையாமல் மறைக்க, அப்புறம் கல்லெடுக்க ஏது கை என்பார் ஃபியூரர். மருத்துவமனைகளில் ரத்தம்கூடத் தயாராக வைக்கப்பட்டிருந்தது, ஆனால் அன்றைக்குத் துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

இதை வைத்து ஜெபம் பண்ணினால் சுவர் விழும் என்று சொல்ல வரவில்லை. ஆட்சி உள்ளுக்குள்ளே உளுத்துப்போயிருந்தது, சோவியத் கொள்கை மாறியிருந்தது, ஹங்கேரி எல்லையைத் திறந்துவிட்டிருந்தது, காரணங்கள் பல. ஆனால் கோபத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் கூடுவதற்கு ஒரே ஒரு திறந்த கதவு இருந்தது, அந்தக் கதவுக்கு உள்ளே ஏழு வருஷமாக அகிம்சை பேசப்பட்டு வந்திருந்தது. அதனால் மலிவான வழி என்று இதை ஒதுக்கவேண்டாம். நாள் மாறாமல், நேரம் மாறாமல், வெளியாள் வந்து உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்காமல் நடத்த முடியுமானால் நடத்துங்கள். நம்மவர்களே கூடி, நம்மவர்களே பாடி, நம்மவர்களே டீ குடித்துவிட்டுப் போவதற்குச் சமாதான ஜெபம் என்று புதுப்பெயர் வேண்டியதில்லை.

மூன்றாவது வழி அந்தப் பின்வரிசை அம்மா சொன்னது: சபைக்குள் நடக்கும் சண்டையைத் தீர்க்க நாலைந்து பேரைப் பழக்கி வைப்பது. மத்தேயு 18-இல் வழியே போட்டுக் கொடுத்திருக்கிறது, முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அப்புறம் சபைக்குச் சொல். செலவு கிட்டத்தட்ட இல்லை. தேவைப்படுவது பொறுமையும், கேட்டதை வீட்டில்கூடச் சொல்லாத வாயும்.

இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஒலிபெருக்கி வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்று இரண்டு மூப்பர்களுக்குள் தகராறு, நான் நடுவில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு தடவை சாவியைப் பற்றியே பேசினோம். நகல் செய்யலாமா, இரண்டு பூட்டுப் போடலாமா, கையெழுத்துப் புத்தகம் வைக்கலாமா. எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள், அடுத்த வாரம் திரும்பச் சண்டை. மூன்றாவது தடவைதான் ஒருவர் சொன்னார், பதினோரு வருஷத்துக்கு முன்னால் பொதுக்கூட்டத்தில் இவர் எழுந்து "ரசீது எங்கே?" என்று கேட்டார், என் பிள்ளைகள் முன்னாலே. மற்றவருக்கு அப்படிக் கேட்ட ஞாபகமே இல்லை. கணக்கில் எப்போதும் கேட்கிற கேள்விதானே என்றார். அன்றைக்கு ஒன்றும் தீரவில்லை. நாலாவது தடவை அவர் அந்தப் பழைய ரசீதுப் புத்தகத்தையே வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார், பதினோரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார். மற்றவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். அதற்குப் பிறகு சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இந்த வழிக்கு ஒரு பெரிய குழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் இதைப் பரிந்துரைப்பது தப்பு. இரண்டு பேரும் சமபலத்தில் இருக்கும்போதுதான் நடுவில் உட்காருவது சமாதானம். ஒருவர் அடிப்பவர், ஒருவர் அடிபடுபவர் என்றால் அது சமாதானம் இல்லை, மூடி மறைப்பது. இருபதாம் நூற்றாண்டில் அகிம்சையைப் பற்றி அதிகம் படிக்கப்பட்ட கிறிஸ்தவ இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடர். 1997-இல் இறந்த அவர் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் என்பது 2015-இல் வெளியான ஆய்வில் விவரமாக வந்தது. புகார் எழுந்தபோது அவர் கையில் எடுத்த கேடயங்களில் ஒன்று இதே மத்தேயு 18: குறை இருந்தால் அந்தப் பெண் முதலில் என்னிடம் தனியாக வந்து பேசட்டும். நிர்வாகமும் பல வருஷம் ரகசியமாக, சமரசமாகவே போனது. அவர் பாடம் நடத்திய இறையியல் கல்லூரி 2015-இல்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. சமாதானத்துக்குப் பேர்போன மென்னோனைட் சபைப் பிரிவில் நடந்தது இது. அதனால் சபைக்குள் சமரசக் குழு அமைப்பதென்றால் முதல் விதியை எழுத்தில் போடுங்கள்: வீட்டில் அடி உதை, பாலியல் தொந்தரவு, பிள்ளைகள் சம்பந்தப்பட்ட புகார், இவை எதுவும் இந்தக் குழுவிடம் வராது, நேராகச் சட்டத்துக்குப் போகும். போதகர் சம்பந்தப்பட்டிருந்தாலும். அவர் சம்பந்தப்பட்டிருந்தால் கண்டிப்பாக.

இதற்குப் பக்கத்து வழி ஒன்று, சபைக்கு வெளியே. குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் எதிரெதிரே உட்காரவைப்பது. 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு பையன்கள் ஒரே ராத்திரியில் 22 இடங்களை நாசம் பண்ணினார்கள், கார் டயரைக் கிழித்து, ஜன்னலை உடைத்து. மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அலுவலர், மென்னோனைட்காரர், இவர்கள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்தால் என்ன என்று எழுதிக் கொடுத்தார். நீதிபதி ஏற்பார் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் ஏற்றார். பையன்கள் கதவைத் தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று சொல்லி, எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டார்கள். யான்ட்ஸியும் கூட வந்த டேவ் வொர்த்தும் நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நின்றார்கள், அவ்வளவுதான். சில மாதம் கழித்துப் பையன்கள் அதே கதவுகளைத் திரும்பத் தட்டிப் பணத்தைக் கொடுத்தார்கள். இன்றைக்குப் பல நாடுகளில் நடக்கும் சீரமைப்பு நீதித் திட்டங்களின் தொடக்கமாக அந்த 22 கதவுகளைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனாலும் பரிந்துரைக்கத் தயக்கம். நீதிமன்றம், நன்னடத்தை அலுவலகம், காவல்துறை இவற்றில் ஒருவராவது கதவைத் திறக்காமல் ஒரு சபை இதைத் தொடங்கவே முடியாது. பாதிக்கப்பட்டவரை "மன்னித்துவிடுங்கள்" என்று நெருக்கும் ஆபத்தும் உண்டு, சபைக்காரர்களுக்கு அந்த வார்த்தை வாயில் சீக்கிரம் வந்துவிடும். யான்ட்ஸி மாதிரி அந்த வேலையிலேயே இருப்பவர் ஒருவர் உங்கள் சபையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

தெருவில் இறங்குவதைப் பற்றி. இதைத்தான் பலர் அகிம்சைப் போராட்டம் என்றே நினைக்கிறார்கள். இது பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை எடுத்துப் பார்த்தார்கள், வன்முறையற்றவற்றில் 53 சதவீதம் வெற்றி, ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதம். கிட்டத்தட்டப் பாதி முழு வெற்றி பெறவில்லை என்பதையும் அதே எண்ணில் படிக்க வேண்டும். பிந்தைய வருஷங்களில் வெற்றி விகிதம் இறங்கியிருக்கிறது என்றும் செனோவெத்தே சொல்லியிருக்கிறார்.

சபைகள் இதில் மறந்துவிடுவது ஒன்று உண்டு, தெருவுக்கு முன்னால் நடந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் 1960 பிப்ரவரி 13 அன்று கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கவுண்டர்களில் போய் உட்கார்ந்தார்கள், இது எல்லாருக்கும் தெரிந்த படம். ஆனால் அதற்கு முந்தைய இலையுதிர் காலம் முழுக்க அவர்கள் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் வாரந்தோறும் பயிற்சி எடுத்தார்கள். நடத்தியவர் ஜேம்ஸ் லாசன், ராணுவ அழைப்பை மறுத்துச் சிறை போனவர், நாக்பூரில் மூன்று வருஷம் இருந்து காந்தியைப் படித்தவர். பயிற்சி என்றால் பிரசங்கம் இல்லை. ஒருவர் நாற்காலியில் உட்காருவார், மற்றவர்கள் சுற்றி நின்று கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், முடியைப் பிடித்து இழுப்பார்கள், சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார்கள், கீழே தள்ளுவார்கள். திட்டுகிறவர்களும் சிநேகிதர்கள்தான். விழுந்தால் தலையை எப்படி மறைப்பது, பக்கத்தில் அடிபடுபவரை உன் உடம்பால் எப்படி மூடுவது, கோபம் தொண்டைக்கு வரும்போது எங்கே பார்ப்பது, இதையெல்லாம் செய்து செய்து பழகினார்கள். தன்னால் கையை அடக்க முடியாது என்று கண்டவர்களுக்கு வேறு வேலை. பிப்ரவரி 27 அன்று நிஜமாகவே அடி விழுந்தது. அடிவாங்கியவர்களைத்தான் கைது செய்தார்கள், 80 பேருக்கு மேல். திருப்பி அடிக்கவில்லை. மே 10 அன்று கவுண்டர்கள் திறந்தன.

பிலிப்பைன்ஸிலும் இதே வரிசைதான். 1986 பிப்ரவரியில், சர்வாதிகாரி மார்க்கோஸுக்கு எதிரான எழுச்சியில், டாங்கிகளுக்கு முன்னால் முழந்தாள்படியிட்ட கன்னியாஸ்திரீகளின் படம் உலகம் சுற்றியது. அதற்கு முன்னால் ஜான் கோஸ், ஹில்டகார்ட் கோஸ்-மேயர் தம்பதியர் அங்கே வந்து ஆயர்களுக்கும் குருக்களுக்கும் சாதாரண மக்களுக்கும் அகிம்சைப் பயிலரங்குகள் நடத்தியிருந்தது அவ்வளவாகப் படத்தில் வரவில்லை.

ஆகவே தெருவா பயிற்சியா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சி இல்லாமல் தெருவில் இறங்கினால் முதல் அடியிலேயே யாராவது ஒருவர் கல்லெடுப்பார், அந்த ஒரு கல் மறுநாள் முதல் பக்கத்தில் வரும். இரண்டாவது கேள்வியும் இங்கேதான் உறுத்துகிறது. ஊர்வலம் போவோம் என்று தீர்மானம் போடும் கமிட்டிக்காரர்களுக்குப் பெரும்பாலும் வேலை ஓய்வு முடிந்திருக்கும், வழக்குப் பதிவானால் வேலை போகக்கூடியவர்கள் முன்வரிசையில் நடக்கும் பிள்ளைகள். நாஷ்வில்லில் யாருக்கு அநீதி நடந்ததோ அவர்களே முடிவெடுத்தார்கள், அவர்களே உட்கார்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் கூப்பிடாமல் அவர்கள் பெயரில் நாம் தெருவில் இறங்குவது எனக்கு ஒப்பவில்லை. கூப்பிட்டால் போகாமல் இருப்பதும் ஒப்பவில்லை.

மிஞ்சியிருப்பது பயிலரங்கு. இதில் நன்றாகப் பரவியிருப்பது "வன்முறைக்கு மாற்று" என்ற திட்டம். 1975-இல் நியூயார்க் மாகாணத்தின் க்ரீன் ஹேவன் சிறையில் தொடங்கியது, தொடங்கச் சொன்னவர்களே கைதிகள்தான். இளவயதுக் குற்றவாளிகள் இங்கே வந்து சேராமல் இருக்க உதவ விரும்புகிறோம், எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று பக்கத்து குவேக்கர்களைக் கேட்டார்கள், இவர்களும் போரை மறுக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு. மூன்று படிகள்: அடிப்படை, மேல்நிலை, நடத்துபவர்களுக்கான பயிற்சி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நாள். விரிவுரை கிடையாது, வட்டமாக உட்காருவார்கள், ஒவ்வொருவரும் தன் பெயரோடு ஒரு நல்ல குணத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், நடுநடுவே சின்னப்பிள்ளை விளையாட்டு. முதல் நாள் மதியம் வரை பெரியவர்கள் நெளிவார்கள், மூப்பர் ஒருவர் நாற்காலி பிடிக்கும் விளையாட்டில் ஓடுவதைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். நெளிவது போன பிறகுதான் வேலை தொடங்கும்: உன் வாழ்க்கையில் சண்டை அடிதடியாகப் போயிருக்க வேண்டிய ஒரு சமயம், ஆனால் போகாமல் திரும்பியது எப்போது என்று சொல். யாரும் திருத்தமாட்டார்கள், எல்லாரும் கேட்பார்கள். நடத்துபவர்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை, பங்கெடுத்தவர்களிலிருந்தே அடுத்த நடத்துபவர்கள் வருகிறார்கள். என் முதல் கேள்விக்கு, மூன்றாவது வருஷம் யார் சுமப்பார்கள் என்பதற்கு, திட்டத்துக்குள்ளேயே பதில் வைத்திருப்பது இது ஒன்றுதான்.

இதெல்லாம் விளையாட்டு, நிஜமான ரத்தப்பகைக்கு முன்னால் நிற்குமா என்று கேட்கலாம். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவில் குவேக்கர்கள் இதே அடித்தளத்தில் ஒரு மூன்று நாள் கூடுகையை உருவாக்கி, 2003 முதல் நடத்தினார்கள். இருபது பேர், படுகொலைக்கு இலக்கான துட்சி இனத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் பத்துப் பேர், மறுதரப்பான ஹூட்டு இனத்தவர் பத்துப் பேர், ஹூட்டுகளில் கொலைக்காகச் சிறையிருந்து வந்தவர்களும் உண்டு. கூடுகையில் ஒரு பயிற்சி: ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள, மற்ற தரப்பைச் சேர்ந்தவர் கையைப் பிடித்து, மேடு பள்ளம் சொல்லி, நடத்திக்கொண்டு போவார். அப்புறம் மாறுவார்கள். யாருடைய கை என்று தெரிந்தே கண்ணைக் கட்டிக்கொள்வதை யோசித்துப் பாருங்கள். இதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். பயிலரங்கு ஒரு போதை. மூன்று நாள் அழுது சிரித்துக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனால் ஏதோ செய்துவிட்ட நிறைவு வந்துவிடும், திங்கட்கிழமை அதே வீடு, அதே வாய். லாசனுடைய மாணவர்களுக்கு எந்தக் கவுண்டர் என்று தெரியும், அதனால் பயிற்சிக்கு ஒரு முனை இருந்தது. முனை இல்லாத பயிலரங்கை வருஷத்துக்கு ஒன்று நடத்திக்கொண்டே இருக்கும் சபைகளையும் பார்த்திருக்கிறேன், சான்றிதழ்கள் சுவரில் தொங்கும்.

நாடுகளுக்கு இடையே மத்தியஸ்தம் செய்வதை இதில் சேர்க்கவில்லை. சான்ட் எஜிடியோ சமூகம் என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பு ரோமில் 27 மாதம் பேச்சுவார்த்தை நடத்தி மொசாம்பிக் உள்நாட்டுப் போரை 1992 அக்டோபர் 4 அன்று முடித்துவைத்தது உண்மைதான், அதற்கு முன்னால் அந்த நாட்டோடு பல வருஷப் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. நம் ஐந்து பேர் குழுவுக்கு அது இப்போதைக்கு ஆகாது.

என் ஓட்டு இதற்குத்தான்: முதல் வருஷம் பயிலரங்கு, ஆனால் தேதி போடும்போதே இரண்டு முனைகளையும் சேர்த்துப் போடுவது. அடிப்படைப் பயிற்சி முடித்த இருபது பேரிலிருந்து ஐந்து பேர் சபைக்குள்ளான சமரசக் குழுவாக வேண்டும், முதல் விதி எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொரு ஐந்து பேர் வாரம் ஒருநாள் திறந்த கதவு ஜெபத்தை ஏற்க வேண்டும், நாலு பேர் வந்தாலும் நடத்த வேண்டும். ஊர்வலத்தையும் வெளிநாட்டையும் மூன்றாவது வருஷம்வரை பேச வேண்டாம். விதிவிலக்கு ஒன்றுதான், உங்கள் சபையைச் சுற்றி ஏற்கெனவே கலவரம் மூண்டிருந்தால் இந்த வரிசை எல்லாம் செல்லாது, அன்றைக்குக் கதவைத் திறந்துவைத்து உள்ளே வருபவர்கள் எந்தத் தரப்பு என்று கேட்காமல் இருப்பதே முழு வேலையாகிவிடும். போதகர் எதற்கும் தலைவராக வேண்டாம், அவர் மாற்றலாகிப் போனால் எல்லாம் கூடவே போய்விடும்.

கமிட்டி ஒத்துக்கொண்டால் அன்றைக்கே இருபது பேர் பட்டியலைப் போட்டுவிடுங்கள், தள்ளிப்போட்டால் போனதுதான். வழக்கமாக வருகிறவர்களைக் கடைசியில் எழுதுங்கள். முதல் இரண்டு பெயர் பாடகர் குழுவில் பேசாமல் இருக்கும் அந்த இரண்டு பேர். வருவார்களா என்பது வேறு விஷயம், ஒருவர் வருகிறார் என்று மற்றவரிடம் சொல்லாமல் கூப்பிடுவதா சொல்லிவிட்டே கூப்பிடுவதா என்று குழுவுக்குள் ஒரு சண்டை வரும், அதை முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.